லெம்பி அசையாமல் நின்ற நாள்

லெம்பி கார்வோனனுக்கு உட்காரத் தெரியாது. காபியை நின்றுகொண்டு குடிப்பாள், ரொட்டியை நடந்துகொண்டு தின்பாள். என்னோடு தேவாலயத்துக்கு ஒரே ஒருமுறை வந்தாள். பிரசங்கம் பாதி முடியுமுன் எழுந்துபோய்ப் பின்சுவரில் சாய்ந்தாள். பிறகு வாசலுக்குப் போனாள். பாதிரியார் ஆசீர்வாதம் சொல்லும்போது தெருவில் இருந்தாள்.

ஆண்டவர் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார் என்று நான் சமாதானம் சொன்னேன்.

"அவரு எடுத்துக்க மாட்டாரு தபிதா. உங்க பாதிரியார் எடுத்துக்கிட்டாரு. மூஞ்சியப் பாத்தேனே" என்றாள்.

அவள் பின்லாந்துக்காரி. நான் இந்த ஆற்றங்கரைக்காரி. என் தாயின் ஆட்கள் தங்கம் தேடி வந்தவர்களுக்கு முன்பிருந்தே இங்கே மீன் பிடித்தவர்கள். என்னைவிட இருபது வயதுக்கு மேல் மூத்தவளைப் பேர் சொல்லிக் கூப்பிட எனக்கு வாய் வராது. அதனால் அக்கா என்றேன். முதலில் முறைத்தாள், பிறகு பழகிவிட்டாள்.

வடகோடியில் உள்ள எங்கள் டாசனில் கோடையில் இருட்டு வராது. சூரியன் மலைக்குப் பின்னால் போய் முகம் கழுவிக்கொண்டு திரும்பி வந்துவிடும். ஜூன் மாதத்தில் ஊரிலேயே இருட்டு இருந்த ஒரே இடம் லெம்பியின் பின்னறைதான். அது பழைய சலவைக்கடை, அங்கேதான் அவள் புகைப்படம் கழுவிப் போட்டுக் கொடுத்தாள். பலகைச் சந்துகளில் கம்பளித் துணியைத் திணித்து, மேலே தார்க் காகிதம் அடித்து, கதவுக்குப் போர்வைகளைத் தொங்கவிட்டிருந்தாள். அப்படியும் எங்காவது ஊசிமுனை வெளிச்சம் புகுந்துவிடும். அவள் சுவரைத் தடவித் தடவி அதைத் தேடிப் பிடித்து, வாயில் மென்றுகொண்டிருந்த பிசினை எடுத்து அடைப்பாள்.

உள்ளே சிவப்பு விளக்கு எரியும்போது அவள் கைகள் மட்டும் நிதானத்துக்கு வரும். ட்ரேயை ஒரு மூலையில் தூக்கி மெல்ல இறக்குவாள், மருந்து காகிதத்தின் மேல் ஓடும், வெறும் வெள்ளையிலிருந்து ஒரு தொப்பி வரும், பிறகு ஒரு மீசை, பிறகு அதற்குரிய ஆள். அப்போதும் அவள் கால் தரையைத் தட்டிக்கொண்டேதான் இருக்கும்.

என் வேலை தண்ணீர். ஆற்றுத் தண்ணீரில் மண்டி அதிகம். அதில் கழுவினால் படத்தில் கீறல் விழும். ஆகவே ஓடையிலிருந்து கொண்டுவந்து, பிளானல் துணியில் வடிகட்டி, மருந்து வாடை போகும்வரை ஒவ்வொரு படத்தையும் அலசி எடுப்பேன். கழுவும் ட்ரேக்கு அடியில் ஒரு பக்கம் அவளுடைய சூட்கேஸ் முட்டுக் கொடுத்திருக்கும். எங்கள் ஊரில் வீட்டுக்கு அடியில் மண் உறைந்து கிடக்கிறது, அடுப்புச் சூட்டில் அது இளகினால் வீடு ஒரு பக்கம் இறங்கும். தரை சாய்ந்தால் தண்ணீரும் சாயும். அதற்குத்தான் சூட்கேஸ்.

ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும், ஆறு உறைவதற்குள் வெளியே போய்விடப் போகிறேன் என்பாள். வெளியே என்றால் எங்களுக்கு மலைக்கு அப்பால் உள்ள உலகம் அத்தனையும். சூட்கேஸை எடுக்க வேண்டுமானால் ட்ரேயை இறக்க வேண்டும். ட்ரேயில் எப்போதும் யாருடைய படமாவது ஊறிக்கொண்டிருக்கும். அவள் புருஷன் ஏய்னோ, ஓடைப்படுகையைத் தோண்டித் தங்கம் அரிக்கும் பெரிய எந்திரத்தில் வேலை பார்த்தவர். ஊருக்கு மேலே குன்றில் அடக்கமாகியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் தேவாலயத்திலிருந்து இறங்கி வரும்போது அவள் அந்தக் குன்றில் ஏறிக்கொண்டிருப்பாள். வெளியே போகாததற்கு அவள் சொன்ன காரணம் வேலை. நான் வேறெதுவும் கேட்டதில்லை.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு கோடை. ஊருக்கு வெளியூர்க்காரர்களை வரவழைக்கப் பெரிய விழா எடுப்பதாக முடிவானது. அந்த நேரம் பார்த்து, குன்றடியில் ஒரு பழைய மரக்குடிலைப் பிரித்தபோது சுவருக்குள் மரத்தூளில் புதைத்து வைத்த கண்ணாடித் தகடுகள் கிடைத்தன. யாரோ ஒரு படக்காரர் தங்கக் காலத்தில் எடுத்த நெகட்டிவ்கள். குடிலைப் பிரித்தவருக்குத் தக்காளிச் செடி வளர்க்கக் கண்ணாடிக் கூடு வேண்டியிருந்தது. சிலதை வெந்நீரில் போட்டுச் சுரண்டி, கூட்டுக்கு மாட்டிவிட்டார். தக்காளி நன்றாகத்தான் காய்த்தது. மிச்சத்தை விழாக் குழுவின் கிம்பல் கெஞ்சி வாங்கி லெம்பியிடம் கொண்டுவந்து கொடுத்தார். மண்டபத்தில் மாட்டப் படங்கள் போட்டுத் தர வேண்டும் என்றார்.

கிம்பல் நல்ல மனிதர். ஆனால் ஓரங்களை வெட்டிவிடச் சொன்னார், பார்க்க எடுப்பாக இருக்குமாம். ஓரங்களில் எங்கள் ஆட்கள் இருந்தார்கள். மீன் விற்க வந்த ஒரு பெண், சுமை இறக்கிவிட்டு, அதைத் தாங்கிய நெற்றிப்பட்டையைத் தளர்த்தும் ஒருவர், கூடாரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு குழந்தை. எங்களை யாரும் படம் எடுக்கவில்லை. நாங்கள் அங்கே இருந்தோம், அவ்வளவுதான். நான் அலசும்போது அந்தப் பெண்ணைக் கொஞ்ச நேரம் தண்ணீரிலேயே வைத்திருந்ததை லெம்பி பார்த்திருக்கிறாள். கத்தரிக்கோல் மொட்டையாகிவிட்டது, வெட்ட முடியாது என்று கிம்பலிடம் சொல்லிவிட்டாள். கத்தரிக்கோல் நன்றாகத்தான் இருந்தது.

தண்ணீர் வேலை போக, நான் கன்னியாஸ்திரிகளின் ஆஸ்பத்திரியில் தரை துடைத்தேன். அங்கே அன்செல்ம் துஃபோ இருந்தார். கியூபெக் பக்கத்திலிருந்து பனிக் கணவாய் ஏறி வந்த பழைய தங்கக்காரர், அப்போது தொண்ணூறை நெருங்கியவர். நெஞ்சில் நீர் கோத்திருந்தது. இந்த ஆண்டுப் பனியைப் பார்க்க மாட்டார் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தகடுகள் கிடைத்த செய்தியை நான்தான் அவரிடம் சொன்னேன். படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

அவருக்கு ஒரு அண்ணன், தெயோஃபில். பெனட் ஏரிக்கரையில் இருவரும் படகு கட்டிக்கொண்டிருந்தபோது ஒரு படக்காரர் வந்து நிறுத்தி எடுத்தாராம். அதற்குப் பிறகு அவர்கள் படகு பள்ளத்தாக்கு நீர்ச்சுழியில் கவிழ்ந்தது. தம்பியை யாரோ இழுத்துப் போட்டார்கள். அண்ணன் கிடைக்கவில்லை. வீட்டில் வேறு படமே கிடையாது. அந்த முகம் கொஞ்சம் கொஞ்சமாக அழிந்துகொண்டே வந்து, இப்போது கண்ணை மூடினால் தொப்பி மட்டும்தான் வருகிறது என்றார்.

"செத்தப்புறம் மேல போயி அவனத் தேடணும்ல. மூஞ்சி தெரியாம எப்படித் தேடுவேன்?" என்று என்னிடம் கேட்டார். அங்கே ஆண்டவர் அடையாளம் காட்டுவார் என்று சொல்ல வாயெடுத்தேன். அவருடைய கண்ணைப் பார்த்துவிட்டுச் சொல்லவில்லை.

லெம்பியிடம் வந்து சொன்னேன். அன்று முழுக்க அவள் தகடுகளை ஜன்னலுக்கு நேரே தூக்கித் தூக்கிப் பார்த்தாள். படகு கட்டும் படங்கள் நிறைய இருந்தன. பெரியவர் சொன்ன அடையாளம் இடது கை. மரம் அறுக்கும் ஆலையில் அண்ணனுக்கு இரண்டு விரல்கள் போயிருந்தன. கடைசியில் அவள் ஒரு தகடோடு என் முன்னால் வந்து நின்றாள். படகின் விலா எலும்புகள், அதற்கு முன்னால் ஒருவர் கையை மார்பில் வைத்துக்கொண்டு நிற்கிறார், இரண்டு விரல் இல்லை. பக்கத்தில் இன்னொருவர், ஆனால் ஆடிவிட்டார், முகம் இருக்க வேண்டிய இடத்தில் புகை மாதிரி ஒரு இழுப்பு.

"ஆளு கெடைச்சாச்சு. ஆனா இதப் பாரு" என்று தகட்டைச் சாய்த்துக் காட்டினாள்.

கண்ணாடியின் ஒரு பக்கத்தில்தான் படம் இருக்கும், மெல்லிய தோல் போல. அந்தப் பக்கத்தைக் காகிதத்தின் மேல் வைத்து, பிரேமில் இறுக்கி, மேலிருந்து வெளிச்சம் காட்டுவதுதான் முறை. இந்தத் தகட்டில் அண்ணன் முகத்துக்குப் பக்கத்திலேயே தோல் பொருக்கு விட்டுத் தூக்கியிருந்தது. காகிதத்தோடு இறுக்கினால் ஒட்டிக்கொண்டு முகத்தோடு பிய்த்துக்கொண்டு வந்துவிடும். அவ்வளவு பெரிய தகட்டைத் தொடாமல் படம் போடுகிற எந்திரம் அவளிடம் இல்லை. அதனால் தகட்டைப் புரட்டி, வெறும் கண்ணாடிப் பக்கம் காகிதத்தில் படும்படி வைத்தாள். அப்படிப் போட்டால் படம் இடம் வலமாக மாறி விழும். கண்ணாடியில் நம்மைப் பார்ப்பது போல. அது அவளுக்குத் தெரியும். ஏரியும் கூடாரமும்தானே, எந்தப் பக்கம் இருந்தால் என்ன என்று சொல்லிக்கொண்டே விளக்கைப் போட்டாள்.

படம் அருமையாக வந்தது. தெயோஃபிலுக்கு உதட்டோரம் ஒரு சிரிப்பு இருந்தது. காய்ந்தும் காயாததுமாக அவளே எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். நான் பின்னால் ஓடினேன்.

துஃபோ பெரியவர் வெகுநேரம் பார்த்தார். விரலால் அந்தக் கையைத் தொட்டார். பிறகு படத்தைக் கவிழ்த்துப் போர்வை மேல் வைத்தார்.

"இது அவன் இல்ல" என்றார். "எவனோ வலது கையில வெரல் போனவன். எங்கண்ணனுக்கு எடது கை."

லெம்பி விளக்கினாள். தகடு புரண்டிருக்கிறது, ஆள் அவர்தான், மனசுக்குள் திருப்பிப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள். மூக்கு அந்தப் பக்கம் கோணியிருக்கிறது, வகிடு அந்தப் பக்கம் போகிறது, எல்லாமே அந்நியமாக இருக்கிறது என்று அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

"மனசுக்குள்ள பாக்குறதுக்கு நீ எதுக்கும்மா, பின்லாந்துக்காரி? அதத்தானே அறுபது வருஷமாச் செஞ்சுக்கிட்டு இருக்கேன்."

லெம்பி படத்தை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாள்.

அன்றிலிருந்து அவளைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது. சலவைக்கடையின் முன்வாசலிலிருந்து பின்வாசலுக்கு நடப்பாள், பின்வாசலிலிருந்து ஆற்றங்கரைக்கு நடப்பாள். பலகை நடைபாதையில் அவள் பூட்ஸ் சத்தம் போய் வந்துகொண்டே இருக்கும். தகட்டை எடுப்பாள், சரியான பக்கமாகப் பிரேமில் வைப்பாள், திருகை இறுக்கப் போவாள், கையை எடுத்துவிடுவாள். மறுபடி துணியில் சுற்றி வைப்பாள். ரொட்டி தின்னும்போது பாதியில் எழுந்து மறுபடி எடுப்பாள்.

இன்னொரு வழியும் இருந்தது. புரண்ட படத்தைக் கேமராவில் எடுத்து, அந்த பிலிமைத் திருப்பிப் போட்டால் சரியாகிவிடும். அதற்கான பெரிய பிலிம் ஊரில் இல்லை. வெளியே எழுதிப்போட்டு வரவழைக்க வேண்டும். எழுதிப்போட்டாள். பெரியவர் அதுவரை இருப்பார் என்று யாரும் சொல்லவில்லை.

கிம்பல் வந்து கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். தகட்டை இறுக்க வேண்டாம், பிய்ந்தால் அப்புறம் உலகத்தில் அந்தப் படமே இருக்காது, மண்டபத்தில் புரண்ட படத்தையே மாட்டிவிடலாம், வருகிறவனுக்கு ஏரி எந்தப் பக்கம் என்று தெரியவா போகிறது என்றார்.

"ஒருத்தருக்குத் தெரியும்" என்றாள் லெம்பி. "அந்த ஒருத்தருக்குத்தான் அந்தப் படமே வேணும்."

கிம்பல் என்னைப் பார்த்தார், நானாவது ஏதாவது சொல்வேன் என்று. எனக்கு என்ன தெரியும். நாலு வகுப்பு மிஷன் பள்ளியில் படித்தவள். ஜெபம் மட்டும் செய்தேன். என்ன கேட்பது என்றுகூட விளங்கவில்லை. தோல் பிய்யக் கூடாது என்று கேட்பதா, பெரியவர் பிழைத்துக் கிடக்க வேண்டும் என்று கேட்பதா, அக்காவின் கால் கொஞ்சம் ஓய வேண்டும் என்று கேட்பதா? மூன்றையும் கேட்டேன்.

பெரியவருக்கு மூச்சு மோசமாகிக்கொண்டே வந்தது. கன்னியாஸ்திரிகள் அவரைச் சாய்த்துப் படுக்க வைக்க முடியாமல் ஜன்னலோர நாற்காலியிலேயே தலையணை வைத்து உட்கார வைத்திருந்தார்கள். அந்தச் செய்தியை நான் கொண்டுவந்த அன்று காலை, லெம்பி தகட்டைச் சரியான பக்கமாக வைத்து, திருகையும் பாதி இறுக்கிவிட்டிருந்தாள். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு நிறுத்தினாள்.

"இது அவரு அண்ணன். பிஞ்சாலும் பரவாயில்லைன்னு அவரு சொல்லணும். நான் சொல்லக் கூடாது" என்றாள். பிரேமை அப்படியே வைத்துவிட்டு, புரண்ட படத்தை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பினாள். எந்த இடத்தில் பிய்யும் என்று அவருக்குக் காட்டுவதற்காக.

நாங்கள் போனபோது சிஸ்டர் பிளாந்தின் அவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தார். குட்டையான, வாய்த்துடுக்கான அம்மா. முகம் முழுக்கச் சோப்பு நுரை. எதிரே மேஜையில் சவரக் கண்ணாடியை நிறுத்தி வைத்திருந்தார்.

"உக்காரு லெம்பி. உன்னப் பாத்தா என் கை ஆடுது, கிழவர் கழுத்து போயிரும்" என்றார் சிஸ்டர்.

"போகட்டும், ரொம்ப நாளாச்சு" என்று நுரைக்குள்ளிருந்து பெரியவர் சொன்னார்.

லெம்பி உட்காரவில்லை. அவர் நாற்காலிக்குப் பின்னால் சுவருக்கும் ஜன்னலுக்கும் நடந்துகொண்டே சொன்னாள். தகட்டை இறுக்கினால் என்ன ஆகும், இறுக்காவிட்டால் என்ன ஆகும், வெளியேயிருந்து பிலிம் எப்போது வரும், வராது, எதையும் மறைக்காமல் சொன்னாள். ஒருவேளை நன்றாக வரலாம், ஒருவேளை முகம் மட்டும் போய்த் தொப்பியும் கையும் மிஞ்சலாம் என்றாள். பேசப் பேச நடை வேகமாயிற்று. கையிலிருந்த படத்தை விசிறி மாதிரி ஆட்டினாள், அப்புறம் மார்போடு அணைத்துப் பிடித்தாள், படப்பக்கம் வெளியே தெரியும்படி. நான் கதவோரம் நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெரியவர் எதிரேயே பார்த்துக்கொண்டிருந்தார். கேட்கிறாரா என்றுகூடத் தெரியவில்லை. சிஸ்டர் ஒரு கன்னத்தை முடித்துவிட்டு, கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நில்லு" என்றார் பெரியவர்.

லெம்பி இரண்டு எட்டு வைத்துவிட்டுத்தான் நின்றாள்.

"இல்ல, பின்னால வா. முன்ன இருந்த எடத்துக்கு. இன்னும் கொஞ்சம். அங்கதான். அசையாத."

அவர் திரும்பவில்லை. எதிரே இருந்த சவரக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் இரண்டடி முன்னால் வந்து, அவர் தலைக்கு மேலே குனிந்து பார்த்தேன். கண்ணாடிக்குள் அவருடைய தோளுக்குப் பக்கத்தில் லெம்பியின் கை தெரிந்தது, கையில் படம் தெரிந்தது. படத்துக்குள் தெயோஃபில் இடது கையை மார்பில் வைத்திருந்தார். வகிடு இந்தப் பக்கம். சிரிப்பு இந்தப் பக்கம்.

சிஸ்டர் பிளாந்தின் ஏதோ சொல்லப் போனவர், சிலுவை போட்டுக்கொண்டார்.

பெரியவர் அழவில்லை. கழுத்தைக் கொஞ்சம் நீட்டினார். கண்ணாடியில் இரண்டு முகங்களும் அருகருகே வந்தன. ஒன்று பாதி நுரையோடு தொண்ணூறு வயது முகம், மற்றது இருபத்தைந்துகூட ஆகாத முகம். இரண்டு மூக்கும் ஒரே பக்கம் கோணியிருந்ததை நான் அப்போதுதான் பார்த்தேன்.

"பக்கத்துல நிக்கிற பொகை நான்தான்" என்று மெல்லச் சொன்னார். "கொசு. காதுல பூந்துருச்சு. அசையாதடான்னு அவன் பல்லக் கடிச்சுக்கிட்டு சொன்னான். அதான் அந்தச் சிரிப்பு. அவன் சிரிக்கல, என்னத் திட்டிக்கிட்டு இருக்கான்."

பிறகு பார்த்துக்கொண்டே இருந்தார்.

லெம்பி நின்றாள். நான் அவளை அறிந்த காலத்தில் அவள் அப்படி நின்று பார்த்ததில்லை. கால் தரையைத் தட்டவில்லை. படத்தை ஏந்திய கை கொஞ்ச நேரத்தில் தாழத் தொடங்கியது. நான் போய் அவள் முழங்கையைத் தாங்கிக்கொண்டேன். படம் மறுபடி நிலைத்தது. பெரியவரின் கன்னத்தில் நுரை காய்ந்து வெள்ளைப் பொடியாயிற்று. சிஸ்டர் கத்தியை மடக்கி வைத்துவிட்டு ஜெபமாலையை எடுத்தார். நான் வேறு சபைக்காரி, அந்த ஜெபம் எனக்குத் தெரியாது. ஆனாலும் அவர் நிறுத்திய இடத்திலெல்லாம் ஆமென் சொன்னேன்.

அந்த வாரமே பெரியவர் போய்விட்டார். அதுவரை சவரக் கண்ணாடியும் படமும் எதிரும் புதிருமாக அவர் அறையிலேயே இருந்தன. சவரம் செய்ய சிஸ்டர் வேறு கண்ணாடி வைத்துக்கொண்டார். புரண்ட படத்தை அவர் மார்பில் வைத்தே அடக்கம் செய்தார்கள்.

தகட்டை லெம்பி பிரேமிலிருந்து எடுத்து மரத்தூளில் புதைத்து வைத்தாள். விழாவெல்லாம் முடிந்த பிறகு பிலிம் வந்தது. தகட்டிலிருந்து இன்னொரு புரண்ட படம் போட்டு, அதைப் பிலிமில் எடுத்தாள். இடம் வலம் சரியாக, நல்ல படமாகப் போட்டு மண்டபத்துக்குக் கொடுத்தாள். அது இன்றும் அங்கே தொங்குகிறது. ஓரத்தில் கூடாரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருக்கும் குழந்தை வரைக்கும் முழுசாக இருக்கிறது. இப்போது அங்கேயும் தரை துடைக்கிறேன், போகும்போதெல்லாம் பார்ப்பேன். எனக்கு என்னமோ அதுதான் புரண்டிருப்பது போலத் தோன்றும்.

அடக்கத்துக்கு மறுநாள் காலையிலேயே பலகை நடைபாதையில் பூட்ஸ் சத்தம் கேட்க ஆரம்பித்துவிட்டது. வாளியோடு போனேன். லெம்பி காபியை நின்றுகொண்டு குடித்துக்கொண்டிருந்தாள். ஆறு உறையறதுக்குள்ள வெளிய போயிரணும் தபிதா என்றாள். சூட்கேஸுக்கு மேலே ட்ரேயில் புதிதாக யாரோ ஒரு மீசைக்காரர் ஊறிக்கொண்டிருந்தார். நான் தண்ணீரை மாற்றினேன்.